கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்

எங்கள் ஊரில் நான் ஓட்டுக் கேட்டுப் போனபோது ஒருவரும் தெரு விளக்கு கேட்கவில்லை, தண்ணீர்க் குழாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். ஏறின படியெல்லாம் ஒரே கேள்விதான். “நண்டு வலைக் கேஸ்ல யாருக்குச் சொல்லுவ?” அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நான் நின்றது எங்கள் ஊர் மேல் கமிட்டிக்கு. வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற ஊர் எங்களுடையது. கடலில் ஒருவர் வலையை இன்னொருவர் அறுத்தாலும், கரையில் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வள்ளத்தை ஏற்றி வைத்தாலும் நாங்கள் உடனே போலீசுக்கு ஓடுவதில்லை. ஊர்க் கமிட்டி கூடி விசாரிக்கும். அது சொன்னது நியாயமில்லை என்று நினைக்கிறவர் மேல் கமிட்டிக்குப் போகலாம். அங்கே மூன்று பேர். அவர்கள் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

அந்த மூன்று நாற்காலிக்கும் ஊரே ஓட்டுப் போட்டு ஆள் வைக்கிறது. கட்சிக் கொடி கூடாது, சின்னம் கூடாது, கட்சியில் பொறுப்பில் இருப்பவர் நிற்கக் கூடாது. நிற்கிறவர் ஓட்டு முடிகிறவரை ஊரில் யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கக் கூடாது. இவ்வளவு கட்டுப்பாடு வைத்தவர்கள் நல்லவர்கள்தான். நியாயம் சொல்லப் போகிறவர் யாருக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் அதிகம் வாய் திறந்து பேசாதவள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னாலே எனக்குக் குரல் வராது. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வீட்டுக்காரர் தோணியில் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறவர். போனால் எப்போது வருவார் என்று காற்றைத்தான் கேட்க வேண்டும். நான் கரையில் மீன் எடுத்துக் கருவாடு போடுகிறேன். அப்படிப்பட்டவள் எதற்கு மேல் கமிட்டிக்கு நின்றாள் என்று ஊரே கேட்டது. காரணம் இருந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் நான் கருவாடு காயப்போடுகிற களத்தில் ஒருவர் தன்னுடைய பழைய வள்ளத்தைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டுவிட்டார். இடம் தன்னுடையது என்றார். ஊர்க் கமிட்டி அவர் பக்கம் சொன்னது. நான் மேல் கமிட்டிக்குப் போனேன். மண்டபத்தில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நானும் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கேட்டது அன்றைக்குத் துணைக்கு வந்திருந்த என் அண்ணனிடம். என் அண்ணன் டவுனில் குடியிருக்கிறான். அந்தக் களத்தை அவன் கடைசியாக எப்போது பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது.

“ஏலே, அந்த எடம் ஒந் தங்கச்சிக்குத்தானா?” என்று கேட்டார்கள்.

“அவ அப்படித்தான் சொல்லுதா” என்றான் அவன்.

அவ்வளவுதான் விசாரணை. பாதி இடம் அவருக்கு, பாதி எனக்கு என்று முடித்துவிட்டு மூன்று பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவ்வளவு நேரமும் நான் அங்கேதான் நின்றேன். ஒருவரும் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சாக்கில் கிடந்த சாளைக் கருவாட்டை உதறின உதறலில் பாதி நொறுங்கிப் போயிற்று.

அதனால் மேல் கமிட்டியில் ஒரு நாற்காலி காலியானபோது என் பெயரைக் கொடுத்தேன். அதில் இருந்த பெரியவர், வெளியூரில் இருக்கிற தன் மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டார். ஊர் வரி கட்டுகிற குடும்பத்தில் யாரும் நிற்கலாம் என்றுதான் சட்டம். பெண்பிள்ளை நிற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அதுவரை யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான். டவுன் வாழ்க்கை பிடிக்காமல் பிள்ளைகளோடு ஊரிலேயே இருந்து மீன் விற்கிற என் மைனி, அதாவது அந்த அண்ணன் பெண்டாட்டிதான், எனக்குத் துணை. “ஏளா, நீ சும்மா நில்லு. வாய்க்கு நான் இருக்கேன்” என்றாள். அவளுக்கு இருக்கிற வாய் ஊருக்கே பங்கு வைக்கப் போதும்.

“வாயத் தெறக்காதவ எப்படித் தீர்ப்புச் சொல்லுவா?” என்று கேட்டவர்கள் நிறையப் பேர். நான் அவர்களைத் திருப்பிக் கேட்க நினைத்தேன். அன்றைக்கு மண்டபத்தில் இருந்த மூன்று பேருக்கும் வாய்க்கு என்ன குறைச்சல்? இல்லாமல் போனது காதுதானே? கேட்க நினைத்ததோடு சரி. மைனி பக்கத்தில் இல்லாத நேரத்தில் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

எனக்கு எதிராக நின்றவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு கட்சியில் பொறுப்பில் இருந்தார். பெயர் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டதாகச் சொன்னார். அதுவரை கட்சிக் கரை போட்ட வேட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. மறுநாள் கரையே இல்லாத வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, துணி மட்டுந்தான் வெளுத்திருக்கா, உள்ளயும் வெளுத்தாச்சா?” என்று மைனி நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள்.

“ஒனக்கு என்னளா, ஓட்டு முடியட்டும், உங்கிட்டயே துவைக்கப் போடுதேன்” என்று சிரித்தார். அவருக்குக் கோபமே வராது. எனக்குத்தான் வந்தது.

இனி அந்த நண்டு வலைக் கேஸ். எங்கள் தெருக் கடைசியில் இருக்கிற ஒருவர் நண்டு வலை போட்டுப் பிழைக்கிறவர். ஒரு விடியலில் போய்ப் பார்க்கும்போது அவருடைய வலை முழுக்க அறுந்து கிடந்தது. அந்த வழியாகப் போனது சம்மாட்டியின் வள்ளம். சம்மாட்டி என்றால் பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், ஊரில் பாதி ஆண்கள் அவர் வள்ளத்தில்தான் கடலுக்குப் போகிறார்கள். வலை கிடக்கிற இடத்தைக் காட்ட மூங்கிலில் கொடி கட்டி மிதக்க விட வேண்டும். கொடி இல்லை, அதனால்தான் இன்ஜின் காத்தாடியில் வலை சிக்கியது என்றார்கள் வள்ளத்துக்காரர்கள். கொடி இருந்தது, பார்த்துக்கொண்டேதான் ஏற்றினார்கள் என்றார் வலைக்காரர். ஊர்க் கமிட்டி சம்மாட்டி பக்கம் சொல்லிவிட்டது. வலைக்காரர் மேல் கமிட்டிக்குப் போனார். அங்கே மிச்சம் இருந்த இரண்டு பேரில் ஒருவர் சம்மாட்டிக்கு உறவு, இன்னொருவர் வலைக்காரருக்கு உறவு. ஆளுக்கு ஒரு பக்கம் என்பது ஊருக்கே தெரியும். ஆக, காலியாக இருந்த நாற்காலியில் யார் உட்காருகிறாரோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அதனால்தான் எல்லாரும் என்னைப் பிடித்து உலுக்கினார்கள்.

முதலில் போனது வலைக்காரர் வீட்டுக்குத்தான். அவர் பெண்டாட்டி என்னோடு ஒன்றாகப் படித்தவள். குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ நிக்கது எங்களுக்காகத்தான்னு எனக்குத் தெரியும். எங்க பக்கந்தான சொல்லுவ?”

“கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

“என்னத்தக் கேக்க? எல்லாந்தான் ஒனக்குத் தெரியுமே.”

“தெருவுல கேட்டது வேற. மண்டபத்துல ரெண்டு பேரையும் உக்கார வச்சுக் கேக்கணும்லா.”

அவள் என் கையை விட்டுவிட்டாள். “அண்ணாச்சி நேத்து இங்கன வந்தாவ. ஒங்களுக்குத்தான் சொல்லுவேன், கவலப்படாதன்னு வாய் நெறயச் சொல்லிட்டுப் போனாவ. நீ என்னன்னா வக்கீல் மாதிரிப் பேசுத” என்றாள்.

அன்றைக்கே சாயங்காலம் ஏலக்கூடத்துப் பக்கம் சம்மாட்டி என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். மரியாதையாகத்தான் பேசினார்.

“தங்கச்சி, நம்ம ஆளுக வீட்டு ஓட்டெல்லாம் நான் சொன்னா விழும். நீயும் நம்ம கரையில பொழைக்கிற புள்ள. ஆனா ஒரு வார்த்த எனக்குத் தெரியணும்.”

நான் தலையைக் குனிந்துகொண்டே, “கேட்டுட்டுச் சொல்லுதேன் சம்மாட்டி” என்றேன்.

“அண்ணாச்சி ஒடனே சொல்லிட்டாரே. சம்மாட்டி பக்கம்தான் நியாயம்னு எங்கிட்ட நேர்லயே சொன்னாரு. ஒனக்கு மட்டும் என்ன யோசன?”

ஒரே மனுசன், ஒரே கேஸ், இரண்டு வீட்டிலும் இரண்டு தீர்ப்பு. இன்னும் நாற்காலியில் உட்காரவே இல்லை. இதைச் சம்மாட்டியிடம் அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் வலைக்காரர் வீட்டில் கேட்டதை இங்கே சொன்னது ஆகும். நியாயம் சொல்ல நிற்கிறவள் கோள் சொல்லலாமா என்று பேசாமல் வந்துவிட்டேன். மைனியிடம்தான் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “நீயும் ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லித் தொலச்சா என்ன? அப்புறம் அங்கன உக்காந்து ஒம் மனசுப்படி சொல்லு. யாரு வந்து கேக்கப் போறா?” என்றாள்.

“பொய் சொல்லிட்டு அந்த நாற்காலியில உக்காரதுக்கு அவரே போதும். நான் எதுக்கு?” என்றேன். மைனி அன்றைக்கு ராத்திரி என்னோடு பேசவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த மீன் விவகாரம் வந்தது. எங்கள் கரைக்கு வள்ளம் வந்து சேரும்போது அங்கே நிற்கிறவர்களுக்குக் கறிக்கு மீன் போடுவது வழக்கம். கயிறு இழுத்தவர், வலையிலிருந்து மீன் கழித்தவர், என்னைப் போலக் கருவாட்டுக்கு மீன் எடுக்க வந்தவர் எல்லாருக்கும் கூடையில் ஒரு கை விழும். யாரும் கேட்பதில்லை, நன்றி சொல்வதும் இல்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க மட்டும் கூடாது. கறி மீனைத் திருப்பினால் அந்த வள்ளத்துக்கு மீன்பாடு இருக்காது என்பது எங்கள் நம்பிக்கை. அதைப்போல ஒரு சாபம் கிடையாது.

நான் கை நனைக்கக் கூடாது என்ற சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வெயிலில் தெருத்தெருவாக நடந்துவிட்டு, கொடுத்த மோரைக்கூட வேண்டாம் என்றேன். ஆனால் கறி மீன் என் நினைவில் வரவே இல்லை. கரையில் விழுகிற மீனை ஒருவர் வீட்டுச் சாப்பாடு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. வியாழக்கிழமை காலையில் சம்மாட்டியின் வள்ளம் வந்தது. அதிலிருந்த ஆள் எப்போதும்போல ஒரு கை ஊளி மீனை என் கூடையில் போட்டான். நானும் எப்போதும்போல மூடி எடுத்துக்கொண்டு வந்தேன். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு, அவள் சம்மாட்டி மீனை வாங்கிவிட்டாள் என்று.

யார் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியும், ஆனால் சாட்சி இல்லை. சாட்சி இல்லாமல் சொல்ல மாட்டேன். என்னை எரித்தது வேறு. அதைப் பேசின ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கு அடுப்பில் கொதித்தது அதே மாதிரிக் கறி மீன்தான். அத்தனை வருடமாக அதே கரையில் எல்லாரும் சேர்ந்து வாங்கின மீன் என் கூடையில் விழுந்ததும் லஞ்சமாகிவிட்டது.

திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். திருப்பினால் சம்மாட்டி வள்ளத்துக்குச் சாபம் போட்டேன் என்பார்கள். வைத்துக்கொண்டால் விலை போய்விட்டேன் என்பார்கள். நான் இப்படித் திகைத்துக்கொண்டிருந்தபோது மைனி ஒரு காரியம் செய்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மறுநாள் காலையில் வலைக்காரர் கரைக்கு வந்ததும் போய் நின்று, “எங்க நாத்தனாளுக்குக் கறிக்குப் போடுங்க” என்று கேட்டு வாங்கி வந்துவிட்டாள். இரவல் வலையில் அவருக்குக் கிடைத்திருந்ததே கொஞ்சம். அதில் நாலு நண்டு.

“இப்பம் சரியாப் போச்சு பாத்தியா. அந்தப் பக்கம் மீனு, இந்தப் பக்கம் நண்டு” என்று சட்டியைக் கீழே வைத்தாள். என் வாழ்க்கையில் நான் மைனியைத் திட்டியது அன்றைக்கு ஒரு நாள்தான். திட்டி என்ன? சாயங்காலத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. ரெண்டு பக்கமும் வாங்கித் தின்கிறாள் என்றார்கள்.

சனிக்கிழமை மண்டபத்தில் கூட்டம். நிற்கிறவர்கள் இரண்டு பேரும் ஊருக்கு முன்னால் பேச வேண்டும். அண்ணாச்சி முதலில் பேசினார். கடல்தாய், ஊர் ஒற்றுமை, நீதி என்று தேன் மாதிரிப் பேசினார். நண்டு வலை என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவே இல்லை. நல்ல கைதட்டல். அப்புறம் என் முறை. “எல்லாருக்கும் வணக்கம்” என்பதே பாதிதான் வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அக்கா, ஊளி மீன் ருசியா இருந்துச்சா?”

“நண்டுல சத இருந்துச்சான்னு கேளுலே” என்றது இன்னொரு குரல். மண்டபமே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்காமல், பாவம் என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குக் குரலைக் கொடுத்தது.

“மீனு நல்லா இருந்துச்சு. நண்டும் நல்லா இருந்துச்சு. ரெண்டயும் நாந்தான் தின்னேன்” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. “இங்கன இருக்கிறதுல கறி மீன் வாங்காத ஒருத்தர் இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க, நான் எம் பேர எடுத்துக்கிடுதேன்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. சம்மாட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். “அதெல்லாம் விடு தங்கச்சி. கேஸுக்கு என்ன சொல்லுத? ஊருக்கு முன்னாலயே சொல்லிரு” என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து வலைக்காரர் பெண்டாட்டியும், “ஆமா, சொல்லட்டும்” என்றாள். அந்தக் கேஸில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

“ரெண்டு பேரும் இன்னும் எனக்கு முன்னால வந்து ஒரு வார்த்த பேசல. கொடி இருந்துச்சா இல்லையான்னு நான் யாரயும் கேக்கல. கேக்காமச் சொல்ல மாட்டேன். இப்பமே சொல்லணும்னா அப்புறம் எதுக்கு மண்டபம், எதுக்கு நாற்காலி? தெருவுலயே முடிச்சிட்டுப் போலாம்லா.” இதைச் சொல்லும்போது நான் கத்திக்கொண்டிருந்தேன் என்று மைனி பிறகு சொன்னாள். எனக்கு அது தெரியவில்லை. கடைசியில், “அண்ணாச்சியும் இங்கனதான இருக்காவ, அவியளயும் இதே மாதிரி ஊருக்கு முன்னால கேளுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவரைக் கேட்டார்கள். அவர் கும்பிட்டார். “நியாயத்தின் பக்கம் நிற்பேன்” என்றார். அதற்கும் கைதட்டினார்கள். சம்மாட்டியும் தட்டினார், வலைக்காரர் பெண்டாட்டியும் தட்டினாள். இரண்டு பேரும் அந்த நியாயம் தங்களுடையது என்று நினைத்துத் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். நான் தோற்றேன். மோசமாக இல்லை, ஆனாலும் தோல்விதான். எங்கள் தெரு ஓட்டே எனக்கு முழுதாக விழவில்லை. வீட்டுக்காரர் அன்றைக்கு மாலத்தீவிலிருந்து போனில் பேசினார். “போகட்டும் விடு, தொல்ல விட்டுது” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் கேஸ் விசாரணைக்கு வந்தது. அண்ணாச்சி பழையபடி கட்சிக் கரை வேட்டியில் வந்து உட்கார்ந்தார் என்று சொன்னார்கள். நான் போகவில்லை. தீர்ப்பு சம்மாட்டி பக்கம். வலைக்காரருக்குப் புது வலை கிடையாது.

அன்று சாயங்காலம் நான் களத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். வலைக்காரர் பெண்டாட்டி வந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. அண்ணாச்சியைத் திட்டப் போகிறாள், அல்லது எனக்கு ஓட்டுப் போடாததற்கு வருத்தப்படப் போகிறாள் என்று நினைத்து, உட்காரச் சாக்கை விரித்தேன். அவள் உட்காரவில்லை.

“எல்லாம் ஒன்னாலதான்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “நான் என்ன செஞ்சேன்?”

“அன்னைக்கு எங்க வீட்டுல வச்சு ஒரே ஒரு வார்த்த, ஒங்க பக்கந்தான்னு சொல்லியிருந்தா எங்க தெரு மொத்தமும் ஒனக்குப் போட்டிருக்கும். நீ செயிச்சிருப்ப. எங்களுக்கும் வல கெடச்சிருக்கும். பெரிய இவ மாதிரி கேட்டுட்டுச் சொல்லுதேன், கேட்டுட்டுச் சொல்லுதேன்னு நின்ன.”

“கேட்ட பெறகு ஒங்க மேல தப்புன்னு தெரிஞ்சா?”

“எங்க மேல தப்பில்ல! கொடியக் கட்டுனதே நாந்தான். எங் கையால மூங்கில்ல முடிச்சுப் போட்டேன். இன்னைக்கு மண்டபத்துல அதச் சொல்லப் போனேன். எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல.”

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நீயும் ஊருமாகச் சேர்ந்துதானே, ‘கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்றவளைத் தள்ளிவிட்டு, கேட்காமலே சொல்கிறவரை உட்கார வைத்தீர்கள் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய்வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். அவளுக்கு இனி கடலில் போட வலை இல்லை.

“முடிச்ச எப்படிப் போட்ட? எந்த இடத்துல கட்டுன?” என்று கேட்டேன்.

“இப்பம் கேட்டு என்ன செய்யப் போற?” என்றாள்.

“ஒன்னும் செய்ய முடியாது. சொல்லு.”

அவள் என்னை முறைத்தாள். பிறகு சாக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொடியாகச் சொல்ல ஆரம்பித்தாள்.